கோடு இறங்கினால் வண்டி திரும்பி வருகிறதா?

இது நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு வந்தது. ஏழாம் வகுப்பு படிக்கிற நம் வீட்டுப் பெண் ஒருத்தி, "பாட்டி, திசைவேகம்-காலம் வரைபடம் எனக்குப் புரியவே இல்லை" என்று குரல் செய்தி போட்டிருந்தாள். நான் பதில் சொல்வதற்குள் டியூஷன் எடுக்கும் உறவினர் ஒருவர் (பெயர் வேண்டாம், படித்ததும் அவருக்கே தெரியும்) முந்திக்கொண்டார். "கிராப் எல்லாம் விடு பாப்பா. சூத்திரத்தை மனப்பாடம் பண்ணு. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அது போதும்." அதற்கு ஆறு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அதனால்தான் குழுவில் இரண்டு வரியில் முடிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

"நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அது போதும்." இந்த வாக்கியத்தோடு எனக்குப் பழைய பகை. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். நான் சேர்ந்தபோது எல்லாம் திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் வந்தது, பிறகு அரியலூர் பிரிந்தது, மறுபடி சேர்ந்தது, 2007-இல் திரும்பவும் பிரிந்தது. நான் மாறுதல் கேட்காமலேயே எனக்கு மாவட்டம் மாறிக்கொண்டிருந்தது. பலகை மாறினாலும் இந்த வாக்கியம் மாறவில்லை. ஆய்வகம் கேட்டால் "நம்ம ஊருக்கு எதுக்கு டீச்சர்". நூலகத்துக்குப் பீரோ கேட்டால் அதே பதில். இப்போது ஒரு கோட்டைப் படித்துப் புரிந்துகொள்வதுகூட நம்ம ஊருக்கு அதிகப்படி ஆகிவிட்டது.

நான் இயற்பியல் பட்டதாரி இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கியவள். "பிளஸ் டூ பிசிக்ஸ் எடுக்கிறவங்க பேச வேண்டியதை நீங்க ஏன் டீச்சர் பேசறீங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறீர்கள். இந்தப் பாடம் முதலில் வருவது ஏழாம் வகுப்பில், 'விசையும் இயக்கமும்' என்ற தலைப்பில். அதாவது எங்கள் கையில். ஒன்பதாம் வகுப்பில் இதே வரைபடத்தை வைத்து மூன்று இயக்கச் சமன்பாடுகளையும் தருவிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் இயக்கவியல். அங்கே போய் நிற்கும்போது இது தெரியவில்லை என்றால், முதல் மாதத்திலேயே "எனக்குப் பிசிக்ஸ் வராது" என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். அடித்தளம் போட்ட கொத்தனாருக்குப் பேச உரிமை உண்டு.

வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சரிவகம் வரைவார். மூலைகளுக்கு ஓ, ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போடுவார். "பரப்பு ஈக்வல் டு கடந்த தொலைவு" என்று ஒரு வரி. உடனே மளமளவென்று எஸ் ஈக்வல் டு யு டி பிளஸ் அரை ஏ டி ஸ்கொயர். கீழே இரண்டு கோடு. பாடம் முடிந்தது. பிள்ளைகள் அந்தச் சரிவகத்தைக் கோலம் மாதிரி மனதில் பதித்துக்கொண்டு தேர்வில் இறக்கி வைத்துவிட்டு வருகிறார்கள். ஐந்து மதிப்பெண் முழுசாக விழுகிறது.

அந்த ஒரு வரி இருக்கிறதே, "பரப்பு ஈக்வல் டு தொலைவு", அதில்தான் விஷயமே இருக்கிறது. பரப்பு என்றால் வயலுக்கு உண்டு, வீட்டு மனைக்கு உண்டு. ஓடுகிற பஸ்ஸுக்கு ஏது பரப்பு? மீட்டரில் அளக்க வேண்டிய தூரம் எப்படிச் சதுரமும் முக்கோணமுமாக மாறுகிறது? ஒரு பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் வர வேண்டும். வந்தால் நல்ல பிள்ளை. அந்தச் சந்தேகத்தின் மேல் தார் ஊற்றி ரோடு போட்டுவிட்டு வேகமாகப் போகிறோம் நாம்.

முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் சின்னதாக மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். திசைவேகம்-காலம் வரைபடத்தில் கோடு படுக்கையாக இருந்தால் வண்டி என்ன செய்கிறது? "நிற்கிறது" என்று பதில் வரும். தொலைவு-காலம் வரைபடத்தில்தான் படுக்கைக் கோடு என்றால் நிற்பது. இங்கே அது ஒரே வேகத்தில் போகிறது. கோடு மேலே ஏறினால்? "மேட்டில் ஏறுகிறது." படத்தை மலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பச்சைமலை அடிவாரத்துப் பிள்ளைகளுக்கு அது இயல்புதான். கோடு கீழே இறங்கினால்? "வண்டி திரும்பி வருகிறது." இந்த மூன்றாவது பதிலைப் பட்டப்படிப்பு முடித்தவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

இதை நம்ம ஊர்ப் பிள்ளைக்குப் புரியவைக்க முடியாதா? நம்ம ஊர்ப் பிள்ளைக்குத்தான் சுலபம்.

பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி எடுக்கப் போகாத வீடு எது? என் வகுப்பில் லீவு நாளில் அம்மாவோடு காட்டுக்குப் போகாத பெண் குழந்தை அபூர்வம். நான் வண்டியிலிருந்து தொடங்க மாட்டேன். பருத்தியிலிருந்துதான் தொடங்குவேன். காலை எட்டு மணிக்குக் காட்டில் இறங்குகிறோம். முதல் மணி நேரத்தில் 6 கிலோ எடுத்தாச்சு. இரண்டாவது மணி நேரத்தில் 5. வெயில் ஏறுகிறது, மூன்றாவதில் 4. இடுப்பு விட்டுப்போச்சு, நான்காவதில் 2. இப்போது கட்டம் போட்ட நோட்டில் கீழே மணியைக் குறி. மேலே 'மணிக்கு எத்தனை கிலோ' என்று குறி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு கம்பம் நிறுத்து. 6 கட்டம், 5 கட்டம், 4, 2. மொத்தம் எத்தனை கட்டம்? பதினேழு. மடியில் எத்தனை கிலோ? பதினேழு.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். எடைபோடாமலேயே படத்தில் கட்டத்தை எண்ணி எடை சொல்லிவிட்டோமே! மேலே 'மணிக்கு இத்தனை', கீழே 'இத்தனை மணி'. உயரத்தையும் அகலத்தையும் பெருக்கினால் மணி அடிபட்டுப்போய் கிலோ மட்டும் மிஞ்சுகிறது. கிலோ இருந்த இடத்தில் மீட்டரை வை. வினாடிக்கு இத்தனை மீட்டர், இத்தனை வினாடி. பெருக்கினால் வினாடி போய்விடும், மீட்டர் நிற்கும். பஸ்ஸுக்குப் பரப்பு வந்த கதை இவ்வளவுதான். அதே ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் சரிவகத்தின் பரப்பும் இருக்கிறது. கணக்கு வேறு, அறிவியல் வேறு என்று நாம்தான் மணி அடித்துப் பிரித்து வைத்திருக்கிறோம்.

அடுத்து கேட்பேன்: "கம்பம் இறங்கிக்கொண்டே போகுதே, மடியில் இருந்த பருத்தி குறைஞ்சுதா?" பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு வருடம் கடைசி வரிசைப் பையன் ஒருவன் சொன்னான்: "குறையாது டீச்சர், கூடுறதுதான் கம்மியாகுது." வேகம் குறைந்தாலும் வண்டி முன்னால்தான் போகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. அவனுக்கு அப்போது சூத்திரம் ஒன்றுகூடத் தெரியாது.

அப்படியானால் பருத்தி எப்போது குறையும்? எடுத்ததை யாராவது மடியிலிருந்து எடுத்துப் போனால் குறையும். அதைக் காட்டத்தான் நேர அச்சுக்குக் கீழே இடம் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் நடத்துநர் விசில் ஊத, பஸ் பின்னால் வருகிறதே, அப்போதுதான் கோடு அச்சைத் தாண்டிக் கீழே போகும். அந்தப் பரப்பைக் கழிக்க வேண்டும். கழித்தால் கிடைப்பது இடப்பெயர்ச்சி. வெறும் வேகத்துக்குத் திசை கிடையாது, அதனால் கீழே போக வழியும் கிடையாது. திசைவேகம் என்ற நம் தமிழ்ச் சொல்லே திசையை முன்னால் வைத்துத்தான் பேசுகிறது. இப்படி விளக்கமான சொல்லை வைத்துக்கொண்டு 'வெலாசிட்டி, வெலாசிட்டி' என்று ஏன் கத்த வேண்டும், தெரியவில்லை.

கம்பத்திலிருந்து சாய்கோட்டுக்குப் போவது ஒரு சின்ன அடி. ஒரு மணிக்கு ஒரு கம்பம் என்பதை அரை மணிக்கு ஒன்று, கால் மணிக்கு ஒன்று என்று ஒல்லியாக்கிக்கொண்டே போ. படிக்கட்டு மறைந்து சரிவாகிவிடும். கட்டம் எண்ணுகிற வேலை முக்கோணத்தின் பரப்பாக மாறிவிடும். அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதுதான் முடுக்கம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் நிக்கோல் ஒரேம் என்ற பாதிரியார் இப்படித்தான் நேரத்தைப் படுக்கையாகவும் வேகத்தை நிமிர்த்தியும் வரைந்து, உருவத்தின் பரப்புதான் போன தூரம் என்று காட்டினார். கலிலியோ 1638-இல் தன் புத்தகத்தில் விழும் பொருளுக்கு முக்கோணம் போட்டுக் காட்டியது அதற்கு ஏறக்குறைய முந்நூறு வருடம் கழித்து. ஒரேம் காலத்தில் நியூட்டன் இல்லை, நாம் உருப்போடும் சமன்பாடுகளும் இல்லை. படம்தான் முதலில் வந்தது, சூத்திரம் பின்னால் வந்தது. நாம் பிள்ளைகளைத் தலைகீழாக நடக்கவிட்டு, ஏன் விழுகிறாய் என்று கேட்கிறோம்.

சரி, இது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு வருகிறேன். இதற்குத்தான் எனக்குக் கோபம் அதிகம்.

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடி. கடல் விட்டுப்போனது சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லால் சிமெண்ட் ஆலைகள் வந்தன, ஆலைகளால் டிப்பர் லாரிகள் வந்தன. அந்த லாரி ஓடும் ரோட்டில்தான் நம் பிள்ளைகள் சைக்கிளிலும் நடந்தும் பள்ளிக்கூடம் போகிறார்கள். விபத்து நடந்தால் மறியல், பேச்சுவார்த்தை, ஒரு வேகத்தடை. வேகம் என்றால் என்ன என்ற பேச்சு மட்டும் வராது. அந்த லாரிகளை ஓட்டுபவர்களில் என் மாணவர்கள் உண்டு, வாங்கி விட்டிருப்பவர்களும் உண்டு. உங்களுக்காகவே இந்தக் கணக்கு.

ஒரு வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வினாடிக்கு 10 மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடித்தபின் ஒவ்வொரு வினாடிக்கும் வேகத்தில் 5 மீட்டர் குறையட்டும். காய்ந்த ரோடு, நல்ல பிரேக். வரைபடம் போடுங்கள். முதல் ஒரு வினாடி படுக்கைக் கோடு. அடியில் செவ்வகம், பரப்பு 10 மீட்டர். பிறகு 2 வினாடியில் கோடு தரைக்கு இறங்குகிறது. அடியில் முக்கோணம், அகலம் 2, உயரம் 10, பரப்பு 10 மீட்டர். ஆக 20 மீட்டரில் வண்டி நின்றுவிட்டது.

அதே வண்டி, அதே பிரேக், மணிக்கு 72 கிலோமீட்டர். வினாடிக்கு 20 மீட்டர். செவ்வகம் 20 மீட்டர். இறங்க 4 வினாடி ஆகிறது. முக்கோணம் அகலம் 4, உயரம் 20, பரப்பு 40 மீட்டர். மொத்தம் 60 மீட்டர்.

வேகம் இரண்டு மடங்கு என்றால் நிற்கும் தூரமும் இரண்டு மடங்கு என்றுதான் எல்லாரும் மனக்கணக்குப் போடுகிறார்கள். முக்கோணத்துக்கு உயரமும் இரட்டித்தது, அகலமும் இரட்டித்தது. அதனால் பிரேக் பிடித்தபின் ஓடுகிற தூரம் நான்கு மடங்கு. இன்னும் ஒன்றைப் பாருங்கள். முதல் வண்டி 20-ஆவது மீட்டரில் நின்றுவிட்டது. இரண்டாவது வண்டி அதே 20-ஆவது மீட்டரில் என்ன செய்துகொண்டிருக்கிறது? ஓட்டுநரின் கால் அப்போதுதான் பிரேக்கைத் தொடுகிறது. வேகம் இன்னும் முழு 72. முதல் ஓட்டுநர் குழந்தைக்கு முன்னால் நின்று திட்டிக்கொண்டிருக்கும் இடத்தை, இரண்டாமவர் வேகம் கொஞ்சமும் குறையாமல் கடக்கிறார்.

சுமை ஏற்றிய டிப்பர் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. வினாடிக்கு 3 மீட்டர்தான் குறைகிறது என்று வையுங்கள். மணிக்கு 54-இல், அதாவது வினாடிக்கு 15 மீட்டரில் வந்தால், நிற்க 5 வினாடி. முக்கோணம் 37.5, செவ்வகம் 15. ஐம்பத்திரண்டரை மீட்டர். போன் பார்த்துக்கொண்டு வந்தால் கால் பிரேக்குக்குப் போக இரண்டு வினாடி ஆகும், செவ்வகம் 30 ஆகும். இந்தக் கணக்கில் ஏழாம் வகுப்புக்கு மேல் எதுவும் இல்லை. 'நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் போதாது' என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

லாரி முதலாளிகளாக இருக்கும் தம்பிகளே, வண்டியில் ஜி.பி.எஸ். மாட்டியிருக்கிறீர்கள். செல்போனில் வேகம் கோடாக ஏறி இறங்குகிறதே, அது என்ன? நான் உங்களுக்குச் சாக்பீஸில் போட்ட அதே படம்தான். அரியலூரில் நின்று போகும் வைகை எக்ஸ்பிரஸ் முதல் எந்த ரயிலாக இருந்தாலும் இன்ஜினில் வேகத்தைப் பதியும் கருவி உண்டு. முன்பெல்லாம் காகிதச் சுருளில் கோடாகவே விழும். விபத்து என்றால் விசாரணையில் அதை எடுத்துப் பார்ப்பார்கள். ஓட்டுநர் எப்போது பிரேக் போட்டார் என்பதைக் கோடு சொல்லிவிடும். (பெரம்பலூர்க்காரர்கள் ரயில் உதாரணத்துக்கு அரியலூர்தான் போக வேண்டும். அந்த ஆதங்கத்தை இன்னொரு பதிவில் வைத்துக்கொள்கிறேன்.) ஊரெல்லாம் இந்தக் கோட்டை வைத்துத்தான் வேலை நடக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறான். தெரியாதவன் அவன் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறான்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்கள் என்மேல் கோபப்படலாம். உங்கள் பாடு எனக்குத் தெரியும். எமிஸ் பதிவு, பயிற்சி, கணக்கெடுப்பு, நடுவில் பாடம். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிற பள்ளிகள் உண்டு. "போர்ஷன் முடியலை டீச்சர்" என்பது நியாயமான அழுகைதான். ஆனால் பருத்திக் கம்பத்துக்கு ஒரு பாடவேளை, சரிவுக்கு ஒரு பாடவேளை, அவ்வளவுதான் நான் கேட்பது. அந்த இரண்டையும் மிச்சம் பிடித்தால், ஒன்பதாம் வகுப்பில் உருப்போட வைக்க அதைவிட அதிகம் செலவாகிறது. அதற்குப் பிறகும் பிள்ளைக்குப் புரிவதில்லை. இதில் என்ன லாபம்?

"தேர்வில் அப்படிக் கேட்க மாட்டார்கள்" என்பது டியூஷன் எடுப்பவர்களின் வாதம். பள்ளித் தேர்வில் கேட்காமல் போகலாம். நீட், ஜேஇஇ வினாத்தாளைத் திறந்து பாருங்கள். வரைபடத்தைக் கொடுத்துவிட்டு, எது சரி என்று கேட்பார்கள். அங்கே போய்த்தான் நம் பிள்ளைகளுக்கு, தான் முழு மதிப்பெண் வாங்கியது ஒரு படத்தைப் பிரதி எடுத்ததற்கு என்று தெரியவருகிறது. நகரத்துப் பிள்ளை காசு கொடுத்து வேறு இடத்தில் கற்றுக்கொள்ளும். நம்ம ஊர்ப் பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. 'அது போதும்' என்று சொல்பவர், மாதாமாதம் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு எதை இல்லை என்கிறார் என்று யோசிக்கட்டும். கட்டைவிரல் தூக்கிய என் இரண்டு மாணவர்களும் சேர்ந்து யோசிக்கட்டும்.

குரல் செய்தி போட்ட பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை போனில் பருத்திக் கணக்கு சொல்லியாச்சு. மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து போடுங்கள்.

பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்தை விட்டு ஒரு பஸ் ரோட்டுக்கு வந்து நிற்கிறது. அது கிளம்புகிற அதே நொடியில் ஒரு மொபெட் வினாடிக்கு 5 மீட்டர் என்ற மாறாத வேகத்தில் அதைத் தாண்டுகிறது. பஸ்ஸின் வேகம் ஒவ்வொரு வினாடிக்கும் 1 மீட்டர் கூடுகிறது. இரண்டுக்கும் ஒரே தாளில் திசைவேகம்-காலம் வரைபடம் போடுங்கள். 5-ஆவது வினாடியில் இரண்டு கோடும் ஒன்றை ஒன்று வெட்டும். அப்போது பஸ் மொபெட்டைப் பிடித்துவிட்டதா? இல்லை என்றால் யார் முன்னால், எத்தனை மீட்டர்? பிடிப்பது எத்தனையாவது வினாடியில்?

விடையைக் கீழே கமெண்டில் எழுதுங்கள். படம் வரைந்து போட்டோ எடுத்துப் போடுபவர்களுக்கு மட்டும்தான் மதிப்பெண். சூத்திரம் எழுதி அனுப்பினால் முட்டைதான், உறவினராக இருந்தாலும்.